பந்து வருமுன்

நான் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேர் தெரியும். தோழிகள் தொண்டை கிழியக் கூப்பிடுகிற பேர், அலைச் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும். அதை இங்கே எழுதப்போவதில்லை. யாரோ ஒரு கிழவர் இரண்டு வருடமாகத் தன் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று தெரிந்தால் அவளுக்கும் கூச்சம், எனக்கும் கூச்சம். நான் திட்டம் போட்டுப் பார்க்கவும் இல்லை. சர்க்கரை ஏறிவிட்டது, தினம் நாற்பது நிமிடம் நடங்கள் என்றார் டாக்டர். இருபது நிமிடம் நடந்துவிட்டு மிச்சத்தை உட்கார்ந்து கழிக்கிற ரகம் நான். நான் உட்காருகிற திண்டுக்கு நேர் எதிரே அவர்கள் பந்து ஆடினார்கள்.

காரைக்கால் கடற்கரைக்குப் போகிற சாலை அரசலாற்றின் கரையோடேயே போகும். முகத்துவாரம் கிட்டே வர வர டீசல் நாற்றமும் மீன் நாற்றமும் சேர்ந்து மூக்கில் ஏறும். அதைத் தாண்டினால் கலங்கரை விளக்கம், அப்புறம் அகலமான மணல். காலை ஆறு மணிக்கு அந்த மணலில் மூன்று கூட்டம் இருக்கும். என்னைப் போல மருந்துச் சீட்டுக்குப் பயந்து நடக்கிறவர்கள் ஒன்று. போலீஸ் வேலைக்கும் பட்டாளத்துக்கும் ஓடிப் பழகுகிற பையன்கள் ஒன்று. மூன்றாவது பந்துக்காரர்கள். 2023 ஆகஸ்டில் பந்துக்காரர்களோடு எட்டுப் பெண்கள் வந்து சேர்ந்தார்கள். காலேஜில் முதல் வருடம். எந்தக் காலேஜ் என்பதும் வேண்டாம். ஊர் சின்னது, விரல் விட்டு எண்ணிக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

முதல் நாள் அவள் சுடிதாரில் வந்தாள். ஷாலைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்திருந்தாள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மணலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு அதே மணலை உதைத்து உதைத்துக் குழி பண்ணினாள். மறு வாரம் டி-ஷர்ட், டிராக் பேண்ட். அன்றிலிருந்து நான் கவனித்தது அவள் வலது கையைத்தான். ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் அந்தக் கை தானாகப் பின்னால் போய் டி-ஷர்ட்டின் விளிம்பைப் பிடித்துக் கீழே இழுத்துவிடும். பந்து காலில் இருந்தாலும் இழுக்கும், பந்து போய்விட்டாலும் இழுக்கும். ஒரு நாள் எண்ணினேன். அரை மணி நேரத்தில் முப்பத்து நான்கு தடவை.

எட்டுப் பேரும் அப்போது ஆடியதைக் கால்பந்து என்று சொல்ல முடியாது. பந்து போகிற பக்கமெல்லாம் பதினாறு காலும் போகும். கோல் என்று வைத்திருந்தது குடித்துப் போட்ட இரண்டு இளநீர்க் காய். நடுவில் வளைந்து வளைந்து ஓடுவதற்கு இன்னும் ஆறு காய். பயிற்சி கொடுத்த மாஸ்டர் தோளில் துண்டும் கழுத்தில் விசிலுமாக நிற்பார். அதுவரை பையன்களை மட்டும் பழக்கியவர். திட்டத் தொடங்கிப் பாதி வார்த்தையை விழுங்கிவிட்டு மிச்சத்தைச் சொல்வார். அதனால் அவர் பேச்சு நடுவில் ஒரு ஓட்டையோடேயே கேட்கும். ஆனால் ஒரு வாக்கியம் மட்டும் முழுசாக வரும்:

“பந்தயே பாக்காதீங்கம்மா. பந்து எங்கயும் ஓடிப் போயிடாது. சுத்தி யாரு நிக்கிறாங்கன்னு பாரு!”

எனக்கு இது விநோதமாகத்தான் இருந்தது. பந்தைப் பார்க்காமல் எப்படி ஆடுவது? உட்கார்ந்து பார்க்கப் பார்க்கத்தான் புரிந்தது. தொண்ணூறு நிமிட ஆட்டத்தில் ஒரு ஆளின் காலில் பந்து இருப்பது மொத்தமாகக் கூட்டினால் இரண்டு மூன்று நிமிடம். மிச்ச நேரமெல்லாம் அவர் பந்து இல்லாமல் என்ன செய்கிறார் என்பதுதான். எங்கே நிற்கிறார், எங்கே விலகுகிறார், பந்து தன்னிடம் வந்தால் யாருக்கு அனுப்பப் போகிறார். டிவியில் கேமரா பந்தின் பின்னாலேயே போவதால் வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு இது தெரியாது. திண்டில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்குத் தெரியும்.

அவளை அம்மா ஸ்கூட்டியில் கொண்டுவந்து விடுவார். அம்மா என்றுதான் நினைக்கிறேன்; சித்தியாகவும் இருக்கலாம். மற்ற பெண்களின் வீட்டார் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள், இவர் போகமாட்டார். எனக்கு இரண்டு திண்டு தள்ளி உட்கார்ந்து, மடியில் ஈரத்துணியை விரித்துப் பூக் கட்டுவார். தொழிலுக்குக் கட்டுகிற வேகம். ஒரு முழத்துக்கு எத்தனை கண்ணி என்று விரலே எண்ணிக்கொள்ளும். பந்தாட்டத்தின் பக்கம் தலையைத் திருப்பவே மாட்டார். பிடிக்காமல்தான் கூட்டி வருகிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஒரு நாள் மகள் ஒரு பையனோடு மோதிக் குப்புற விழுந்தாள். நான் எழுந்தே விட்டேன். அம்மாவின் தலை நிமிரவில்லை. விரல் மட்டும் நின்றுவிட்டது. நாரின் பாதி முடிச்சு அப்படியே ஆள்காட்டி விரலில் தொங்கியது. “ஒண்ணுமில்ல சார், ஆடலாம்” என்ற குரல் வந்த பிறகு விரல் அந்த முடிச்சை இறுக்கியது. அடுத்த பூவை எடுத்தது.

மழைக்காலம் முடிந்து தை பிறந்தபோது எட்டு பேர் ஐந்தாகிவிட்டார்கள். ஒருத்திக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஒருத்தி நர்சிங் சேர்ந்து வெளியூர் போனாள். இன்னொருத்தி ஏன் வரவில்லை என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கிற இடத்தில் இல்லை. காலேஜ் டீம் என்றால் பதினொரு பேர் வேண்டும். மிச்ச ஆறு இடத்துக்குக் கபடிக்காரி, ஓட்டக்காரி என்று பிடித்துப் போடுவார்கள் என்றும், ஹேண்ட்பால் ஆடுகிற பெண் கிடைத்தால் கேள்வி கேட்காமல் கீப்பராக நிறுத்திவிடுவார்கள் என்றும் டீக்கடையில் கேள்விப்பட்டேன். நம் பக்கத்தில் பெண்கள் கால்பந்து டீம் என்பது பெரும்பாலும் இப்படித்தான் தைத்து ஒட்டப்படுகிறது. சீனியர்கள் படிப்பு முடித்துப் போனால் மறுபடி முதலிலிருந்து.

ஐந்து பேரில் இவள் ஒருத்தி. பூட்ஸ் வந்தது அப்போதுதான்.

காரைக்காலில் பாதித் தெருவுக்கு ஒரு வீட்டிலாவது பிரான்ஸ் இருக்கும். சொல்தாவாகப் போய்ப் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய தாத்தா, குடியுரிமையோடு பாரிசுக்குப் பக்கத்தில் குடியேறிய மாமா, ஆகஸ்டில் லீவுக்கு வந்து தெருவைக் கலகலப்பாக்கிவிட்டுப் போகிற பேரப் பிள்ளைகள். இவளுக்கும் அப்படி ஒரு மாமா.

“மாமா பொண்ணு அங்க கிளப்புல ஆடுதாம் சார். அது போட்டு வுட்ட பூட்ஸு” என்றார் டீக்கடைக்காரர். அவருக்குத் தெரியாதது ஊரில் இல்லை.

பூட்ஸ் முப்பத்தொன்பது. இவள் கால் முப்பத்தெட்டுக்குக் கொஞ்சம் கீழே. திண்டின் ஓரத்தில் உட்கார்ந்து அவள் அதை மாட்டுவதை நான் மூன்றடி தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். முதலில் பஞ்சை உருட்டி முனையில் திணிப்பாள். வலது காலுக்குக் கொஞ்சம் கூட, இடதுக்குக் குறைச்சல். பிறகு இரண்டு ஜோடி சாக்ஸ். லேஸ் நீளம்; மேலே முடிந்தால் தடுக்கும் என்று உள்ளங்கால் வளைவுக்கு அடியே கொண்டுபோய் இரண்டு சுற்றுச் சுற்றி, திரும்ப மேலே கொண்டுவந்து, முடிச்சைப் பக்கவாட்டில் தள்ளிவிடுவாள். நடுவில் இருந்தால் உதைக்கும்போது பந்து முடிச்சில் பட்டு வழி மாறிப் போகும். இதை யாரும் சொல்லிக்கொடுத்து நான் பார்க்கவில்லை. மூன்று வாரத்தில் அவளாகவே கண்டுபிடித்தாள். மணலில் ஸ்டட்ஸ் உதவாது. ஆனாலும் மைதானத்துக்குப் போகிற நாள் வருமுன் கால் பழகட்டும் என்று கடைசிப் பத்து நிமிடம் ஈர மணலில் அதோடு ஓடுவாள். ஐந்தாம் நம்பர் பந்து 410 கிராமிலிருந்து 450 கிராம் வரை இருக்கலாம் என்பது விதி. அவர்கள் வைத்திருந்த பந்து காரைக்கால் கடல் தண்ணீரைக் குடித்துக் குடித்து அந்த விதியை எப்போதோ தாண்டியிருக்கும்.

எனக்குப் பழக்கமான ஒரு பிரெஞ்சுப் பென்ஷன்காரர் அந்தப் பூட்ஸைப் பார்த்துவிட்டு, “நாங்க ஆடுன காலத்துல பொம்பளப் புள்ளைங்க மைதானத்துப் பக்கமே வராது” என்றார். உண்மைதான், ஆனால் முழுக் கதை அதுவல்ல. பாரிசில் ஃபெமினா ஸ்போர் என்ற பெண்கள் சங்கம் 1917-லேயே கால்பந்து ஆடியிருக்கிறது. இங்கிலாந்தில் 1920 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் லிவர்பூலில் டிக் கெர் கம்பெனிப் பெண்கள் ஆடியதைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். அடுத்த டிசம்பரிலேயே அங்கே கால்பந்துச் சங்கம் தன் மைதானங்களில் பெண்கள் ஆடக் கூடாது என்று பூட்டுப் போட்டது. அந்தப் பூட்டு ஏறக்குறைய ஐம்பது வருடம் தொங்கியது. பிரான்சில் 1941-இல் விஷி அரசாங்கம் பெண்கள் கால்பந்தைத் தடை செய்தது. காரைக்கால் அப்போது பிரெஞ்சு மண்தான். ஆனால் புதுச்சேரி கவர்னர் போன்வேன் 1940-லேயே விஷியை எதிர்த்த தெ கோல் பக்கம் சேர்ந்துவிட்டதால் விஷி சட்டம் இந்த மணல் வரை வரவில்லை. வந்திருந்தாலும் தடுப்பதற்கு இங்கே ஒரு பெண்ணும் ஆடிக்கொண்டிருக்கவில்லை.

அவள் கழுத்து முதன்முதலாகத் திரும்பிய நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. 2024 மாசி, கடல் புகை மூட்டமாக இருந்தது. பையன்களோடு கலந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். இடது ஓரத்திலிருந்து ஒரு பையன் இவள் பக்கம் பந்தைத் தட்டிவிட்டான். வழக்கமாகப் பந்து கிளம்பியதும் அவள் கண் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். வந்து காலில் பட்ட பிறகுதான் தலை தூக்கி ஆள் தேடுவாள். அதற்குள் யாராவது பிடுங்கிக்கொண்டு போயிருப்பார்கள். அன்று பந்து பாதி வழியில் இருக்கும்போது, கோழி குஞ்சைத் திரும்பிப் பார்ப்பது போல, தலை ஒரு வெட்டு வெட்டி வலது தோளுக்குப் பின்னால் போய்த் திரும்பியது. கால் நொடி இருக்குமா? பின்னால் ஒருவன் ஓடி வந்துகொண்டிருந்தான். அவள் பந்தை நிறுத்தவே இல்லை. காலைச் சற்றே விலக்கி அது போகிற போக்கிலேயே முன்னால் விட்டாள். ஓடி வந்தவன் அவளைத் தாண்டி மணலில் சறுக்கிக்கொண்டு போனான்.

மாஸ்டர் விசிலை எடுத்தார். ஊதவில்லை. வாயில் வைத்துவிட்டுக் கீழே விட்டார்.

அன்றைக்கு இன்னொன்றும் பார்த்தேன். ஓட்டம் முடிந்து நின்றபோது வலது கை பின்னால் போகவில்லை. இடுப்பில் ஊன்றி நின்றது. டி-ஷர்ட் விளிம்பு பின்னால் சுருண்டு கிடந்தது. அது அவளுக்கு ஞாபகமே இல்லை.

அந்த வருடம் காலேஜ்களுக்கு இடையே ஆடியதிலிருந்து பல்கலைக்கழக அணிக்கான தேர்வுக்கு அவள் பெயர் போனது. அது புதுச்சேரியில். இந்த இடத்தில் எங்கள் ஊரின் கோணல் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வடக்கே நண்டலாறு, தெற்கே வாஞ்சூர், நடுவில் சுமார் 160 சதுர கிலோமீட்டர். கடல் பக்கம் போக மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு. எதிர் வயலில் நாற்று நடுகிறவர் தமிழ்நாடு, வரப்புக்கு இந்தப் பக்கம் நாங்கள் புதுச்சேரி. இவள் மாநில அணிக்கு ஆட வேண்டுமானால் தமிழ்நாட்டுக்கு ஆட முடியாது; புதுச்சேரிக்குத்தான். அந்தப் புதுச்சேரியோ தமிழ்நாட்டைக் குறுக்கே கடந்து சுமார் 130 கிலோமீட்டர். பல்கலைக்கழக அணியிலும் அப்படியே: புதுச்சேரி, காரைக்கால், ஆந்திரக் கரையில் ஏனாம், மலையாளக் கரையில் மாஹே. நான்கு துண்டு நிலம் சேர்ந்து ஒரு டீம்.

தற்செயலாக அவள் தேர்வுக்குப் போன பஸ்ஸில் நானும் இருந்தேன், கண் ஆஸ்பத்திரிக்கு. அதிகாலை பஸ். நான்கு பெண்கள், கூட ஒரு பி.டி. மேடம். தரங்கம்பாடி வரை பேச்சு, சீர்காழி வரை பாட்டு, கொள்ளிடம் பாலத்தில் எல்லாரும் ஜன்னலுக்கு வந்து தண்ணீர் பார்த்தார்கள், சிதம்பரத்தில் ஒருத்தர் தோளில் ஒருத்தர் சாய்ந்து தூங்கிப்போனார்கள். இவள் பூட்ஸை ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டு ஜன்னல் கம்பியில் மாட்டியிருந்தாள். பஸ் குலுங்கும்போதெல்லாம் பை ஆடி அவள் கன்னத்தில் இடித்தது. விழிக்கவில்லை.

கடலூர் பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்றதும் விழித்தாள். வெளியே எட்டிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் தூங்குகிறவளை உலுக்கினாள்.

“ஏய், கடலூருடி. இந்துமதி அக்கா ஊரு.”

“எந்த இந்துமதி?”

“ஐயோ, போடி!”

எந்த இந்துமதி என்று எனக்கும் தெரியாது. திட்டு எனக்கும் சேர்த்து விழுந்தது போல இருந்தது. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். இந்துமதி கதிரேசன், 1994-இல் பிறந்தவர், நடுக்கள ஆட்டக்காரர். 2017 ஜனவரியில் சிலிகுரியில் நடந்த தெற்காசியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் வங்கதேசத்தை இந்தியா 3-1 என்று ஜெயித்தபோது மூன்று கோலில் ஒன்று அவருடையது. 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் தமிழ்நாட்டுப் பெண்கள் முதல் தடவையாகத் தேசியக் கோப்பையை வாங்கினார்கள். எதிரே இருந்தது மணிப்பூர், அந்தக் கோப்பையைக் குத்தகைக்கு எடுத்த மாதிரி வைத்திருந்த அணி. அந்தத் தமிழ்நாட்டு அணியில் இவர் இருந்தார். மறுவருடம் மதுரையின் சேது எஃப்.சி. லூதியானாவில் மணிப்பூர் போலீஸை 3-1 என்று தோற்கடித்து இந்தியப் பெண்கள் லீக்கை ஜெயித்தது; அதிலும் இருந்தார். தமிழ்நாடு போலீசில் சப்-இன்ஸ்பெக்டர். 2020-இல் கொரோனா ஊரடங்கில் எல்லாரும் வீட்டுக்குள் இருந்தபோது இந்திய அணியின் இந்த ஆட்டக்காரர் சென்னைத் தெருவில் முகக்கவசத்தோடு நின்று வண்டிகளை மறித்துக்கொண்டிருந்தார்.

கடலூர் ஒரு இந்துமதியோடு நிற்கவில்லை. இந்திய அணியில் முன்களத்தில் ஆடும் சந்தியா ரங்கநாதனும் அந்தப் பக்கம்தான். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு, கடல் பெற்றோரைக் கொண்டுபோன பெண் பிள்ளைகளைச் சேர்த்து அங்கே மாரியப்பன் என்ற பயிற்சியாளர் பந்து சொல்லிக்கொடுத்தார். அதே காலையில் அதே அலை எங்கள் கிளிஞ்சல்மேட்டையும் பட்டினச்சேரியையும் அடித்தது. இங்கே வீடு கட்டினோம், படகு வாங்கினோம், கடற்கரையில் விளக்கு போட்டோம். பந்து யாருக்கும் தோன்றவில்லை. குறை சொல்லவில்லை, அன்றைக்கு எனக்கும் தோன்றவில்லை. பஸ்ஸில் எட்டிப் பார்த்தவள் சுனாமிக்கு அடுத்த வருடம் பிறந்தவளாம். டீக்கடை உபயம்.

“பந்து ஆடுனா போலீஸ் வேல கெடைக்கும்ல சார்? அந்தக் கடலூருப் பொண்ணுக்குக் கெடச்சிச்சே” என்று கேட்டார் டீக்கடைக்காரர். ஸ்போர்ட்ஸ் கோட்டா என்ற ஒரு சொல் இல்லாமல் போயிருந்தால் அந்த அம்மா இரண்டு வருடம் திண்டில் உட்கார்ந்து பூக் கட்டியிருப்பாரா, தெரியவில்லை. கட்டியிருப்பார் என்றுதான் என் கட்சி.

தேர்வில் என்ன நடந்தது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்துக் காலையில் அவள் பல்கலைக்கழக ஜெர்சியைப் போட்டுக்கொண்டு வந்தாள். நம்பர் பதினாறு. முதல் பதினொன்றில் இல்லை, ஆனால் அணிக்குள் இருக்கிறாள். தென் மண்டலப் போட்டிக்குப் போய் வந்த பிறகு மணலில் ஒரு புதுச் சத்தம் கேட்டது. பந்து வேண்டுமென்றால் “இங்கோட்டு, இங்கோட்டு!” என்று கத்தினாள். மாஹேக்காரிகளிடம் பிடித்துக்கொண்டு வந்த மலையாளம். மாஹேக்காரிகள் கால்பந்து ஊர்க்காரிகள். அந்தப் பக்கத்துக் கோழிக்கோட்டில்தான் 1980-இல் பெண்களுக்கான ஆசியக் கோப்பை நடந்து, இந்தியப் பெண்கள் இறுதி ஆட்டம் வரை போனார்கள். அந்தக் கரையின் சொல் எங்கள் கரைக்கு வந்ததில் எனக்கு ஒரு சந்தோஷம். ஒரே வாரத்தில் மிச்ச நான்கு பேரும் அப்படியே கத்தினார்கள். மாஸ்டரும் ஒரு நாள் கத்தினார். கத்திவிட்டு இருமி மறைத்தார்.

“அங்க எறக்குனாங்களா?” என்று டீக்கடையில் கேட்டுவைத்தேன்.

“ஒரு மேட்ச்ல கடேசிப் பத்து நிமிஷமாம் சார்.”

போக வர ரயில், நாலு ராத்திரி ஹால் தரையில் படுக்கை, பத்து நிமிஷம். ஆட்டக்காரியின் ஆரம்ப வருடங்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் கணக்கு இப்படித்தான் வரும் போலிருக்கிறது.

அவள் முழு மைதானத்தில் ஆடி நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. 2025 தொடக்கம். வெளியூர் காலேஜ் ஒன்று சிநேக ஆட்டத்துக்கு வந்திருந்தது. செம்மண் தரை, ஓரத்தில் மட்டும் புல். பார்க்க அறுபது எழுபது பேர். சுடிதார் டாப்பைக் கழற்றினால் உள்ளே ஜெர்சி. எல்லாரும் அப்படித்தான் வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். ஷார்ட்ஸுக்குள் கறுப்பு லெக்கின்ஸ். காலில் பிரான்ஸ் பூட்ஸ். கணுக்கால் பக்கம் தோல் வெடித்திருந்தது, உள்ளூர் செருப்புத் தைக்கிறவர் மஞ்சள் நூலில் தையல் போட்டிருந்தார்.

இடைவேளைக்கு முன்பே எதிரணி ஒரு கோல் போட்டுவிட்டது. எங்கள் ஹேண்ட்பால் கீப்பர் பந்தை அருமையாகத் தட்டினாள், தட்டிய பந்து எதிரணிக்காரி காலுக்கே போனது. ஆட்டத்தில் பெண்கள் ஒருத்திக்கொருத்தி “மேன் ஆன்! மேன் ஆன்!” என்று எச்சரித்துக்கொண்டார்கள். பின்னால் ஆள் வருகிறது என்று அர்த்தம். மைதானத்தில் ரெஃப்ரியைத் தவிர ஒரு ஆண் கிடையாது. என் பக்கத்துப் பெரியவர் இதைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் ஆணைத் தேடிக்கொண்டிருந்தார்.

அறுபதாவது நிமிடத்துக்குப் பிறகு இவளை நடுக்களத்தில் இறக்கினார்கள். கோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே ஓடினாள். முதல் ஐந்து நிமிடம் பந்து அவளிடம் வரவே இல்லை. ஆனால் நான் கழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது தோள், வலது தோள், பந்து, மறுபடி இடது. தெருவைக் குறுக்கே கடக்கிற பூனையின் எச்சரிக்கை. பிறகு வலது பேக்கிலிருந்து ஒரு பந்து வேகமாக வந்தது. அவளுக்குப் பின்னால் எதிரணியின் உயரமான பெண் நெருங்கிவிட்டாள். இவள் அவளைப் பார்த்தாயிற்று. பந்து கிளம்புமுன்னே பார்த்தாயிற்று. உடம்பை வலது பக்கம் போவதுபோல ஒரு சாய்ப்பு. அந்த உயரக்காரி வலது பக்கம் போனாள். பந்தைத் தன் இரண்டு காலுக்கு நடுவே போகவிட்டு, இவள் இடது பக்கம் திரும்பி, அதைப் போய்ச் சேர்ந்து, தலை தூக்காமலேயே இடது ஓரத்துக்கு நீளமாகத் தட்டினாள். ஓடிப்போய் வாங்கினவள் கோல் போஸ்டுக்கு மேலே அடித்துவிட்டாள்.

எல்லாரும் மேலே அடித்தவளைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பந்தாட்டப் பையன் மட்டும் தன் தோழனின் தொடையைத் தட்டி, “பாத்துட்டாடா அவ” என்றான். அதற்கு மேல் அவனும் விளக்கவில்லை.

0-1. தோற்றுப்போனோம். ஆட்டம் முடிந்ததும் அவள் கோட்டோரம் உட்கார்ந்து லேஸை அவிழ்த்தாள். பக்கவாட்டு முடிச்சு, அடியில் இரண்டு சுற்று. பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டினாள். செம்மண் கட்டியும் நசுங்கிச் சிவந்த பஞ்சு உருண்டையும் விழுந்தன. அம்மா வந்து அந்தப் பஞ்சைக் கூடப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

ஜூலை 5-ஆம் தேதி தாய்லாந்தின் சியாங் மாயில் இந்தியப் பெண்கள் தாய்லாந்தை 2-1 என்று ஜெயித்து ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். தகுதிச் சுற்று ஆடி ஜெயித்து உள்ளே போவது இதுவே முதல் தடவை. இரண்டு கோலும் நடுக்களத்தில் ஆடுகிற சங்கீதா பஸ்ஃபோர் அடித்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை மணலில் ஆட்டமே நடக்கவில்லை. ஐந்து பேரும் ஒரு செல்போனைச் சுற்றித் தலை முட்டிக்கொண்டு நின்று அந்த இரண்டாவது கோலைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். மாஸ்டர் கொஞ்ச நேரம் விசிலைச் சுழற்றிக்கொண்டு நின்றுவிட்டு, அவரும் போய்த் தலையை நுழைத்தார்.

அதே வாரம்தான் எங்கள் ஊரில் மாங்கனித் திருவிழா. ஆனி பௌர்ணமி. கயிலாயத்தைக் காலால் மிதிக்கக் கூடாது என்று தலையால் நடந்து போனவள் எங்கள் காரைக்கால் அம்மையார். அவள் பேரில் அன்றைக்குப் பிச்சாண்டவர் வீதி உலா வருவார், இரண்டு பக்கத்து மாடிகளிலிருந்தும் மாம்பழத்தை வாரி இறைப்பார்கள். பிள்ளை இல்லாதவர்கள் முந்தானை விரித்து நிற்பார்கள். மற்றவர்கள் கையைத் தூக்கிக்கொண்டு குதிப்பார்கள். பழம் பிரசாதம். தரையில் விழுந்தாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். கால் படக் கூடாது.

நான் ஒரு வீட்டுப் படியில் ஏறி நின்றிருந்தேன். அவள் எனக்குக் கீழே, கூட்டத்தின் விளிம்பில், பாவாடை தாவணியில், தலை நிறையப் பூ. அம்மா கட்டின பூவாகத்தான் இருக்கும். எதிர் மாடியிலிருந்து ஒரு பழம் வந்தது. நாலைந்து கை ஒரே நேரத்தில் உயர்ந்தன. ஏதோ ஒரு கையில் பட்டுத் தெறித்து, அவள் பக்கம் வந்து, இடுப்புக்குக் கீழே இறங்கியது. குனிந்து பிடிக்க நேரமில்லை. வலது கால் தானாக முன்னால் நீண்டது. பழம் வந்து புறங்காலில் பட்ட நொடியில் கால் அதோடு சேர்ந்து ஒரு சாண் கீழே இறங்கிக் கொடுத்தது, ஐந்தாம் நம்பர் பந்தை வாங்குவது போலவே. பழம் துள்ளவில்லை, உருளவில்லை. பாவாடை விளிம்புக்குக் கீழே, புறங்காலின் மேல் அப்படியே உட்கார்ந்துகொண்டது.

அவள் முகம் வெளுத்துவிட்டது. கால் அசையவில்லை. தலை மட்டும் வெட்டியது: இடது தோள், வலது தோள்.

நான் அவசரமாக எதிர் மாடியைப் பார்த்தேன். திரும்பியபோது பழம் அவள் கையில் இருந்தது. இரண்டு கண்ணிலும் மாறி மாறி ஒற்றிக்கொண்டிருந்தாள்.